சிவப்பு முதலில் போனது

எடுத்தவுடன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் அழுத கதை இதில் அதிகம் இருக்காது. ஆஸ்பத்திரிச் செலவும் இருக்காது. அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்ல எங்கள் வீட்டில் வேறு ஆள் இருக்கிறது. இரண்டு கண்ணும் மங்கி மதுரையில் படுத்துக் கிடந்தேன், எழுந்து வந்தேன். அதே மாதிரி இப்போது எங்காவது படுத்திருக்கும் யாருக்காவது பக்கத்தில் இருப்பவர்கள் இதை வாசித்துக் காட்டட்டும். பக்கத்தில் ஆள் இல்லையென்றால் போனே வாசித்துக் காட்டும். நானும் இதை வாயால் சொல்லி, போன் திருப்பிச் சொல்வதைக் கேட்டுத்தான் திருத்துகிறேன்.

என் பெயர் ஈஸ்வரி. திருச்சுழியில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே நெட் சென்டர் வைத்திருக்கிறேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு பெஞ்சு. பட்டா, சாதிச் சான்றிதழ், பயிர்க் காப்பீடு, பரீட்சை ஹால் டிக்கெட், ரயில் டிக்கெட் என்று எது வேண்டுமானாலும் போட்டுக் கொடுப்பேன். சுற்றுவட்டாரத்தில் உளுந்து விதைத்தவர், மல்லி விதைத்தவர், ஒன்றும் விதைக்காமல் நிவாரணம் மட்டும் கேட்பவர் எல்லோருக்கும் என்னைத் தெரியும். கம்ப்யூட்டருக்கும் ஊருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதுதான் என் தொழில். என் வீட்டுக்காரர் முருகேசன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார்.

கெட்டது கண் என்று முதலில் எனக்குத் தெரியாது. மானிட்டர் என்றுதான் நினைத்தேன். விண்ணப்பத்தில் கட்டாயம் நிரப்ப வேண்டிய இடங்களில் சிவப்பு நட்சத்திரம் போட்டிருப்பார்கள். அது ஒருநாள் வெளுத்த செங்கல் நிறத்தில் தெரிந்தது. மறுநாள் இன்னும் வெளுத்தது. திரையைத் துணியால் துடைத்தேன், வயரைப் பிடுங்கிச் சொருகினேன், கடைசியில் அருப்புக்கோட்டையிலிருந்து ரிப்பேர்காரரை வரவழைத்து மானிட்டரையே மாற்றினேன். புது மானிட்டரிலும் சிவப்பு வெளுத்துத்தான் இருந்தது. ரிப்பேர்காரரை நான் பேசிய பேச்சுக்கு அந்த மனிதர் இன்னும் எங்கள் கடைப் பக்கம் வரவில்லை. வலது கண்ணைத் திருப்பினால் உள்ளே சுருக்கென்று வலித்தது. அதையும் வெயில் என்று விட்டுவிட்டேன். இந்தப் பக்கத்தில் எதற்கும் வெயிலைக் காரணம் சொல்லிவிடலாம்.

வீட்டுக்காரரோடு சந்தையில் மிளகாய் வத்தல் அம்பாரத்துக்கு முன்னால் நின்றபோதுதான் பயம் வந்தது. எல்லோரும் நிறம் நல்லா ஏறியிருக்கு என்று பேசிக்கொண்டிருக்க, எனக்கு மண்ணைக் குவித்த மாதிரி இருந்தது. அருப்புக்கோட்டையில் கண் டாக்டரிடம் போனோம். அவர் மருந்துக் குப்பியின் சிவப்பு மூடியைக் காட்டினார். ஒரு கண்ணை மூடி ஒரு தடவை, மறு கண்ணை மூடி ஒரு தடவை. எந்தக் கண்ணில் சிவப்பு அதிகம் என்று கேட்டார். இடது கண்ணில் கொஞ்சம் சிவப்பு இருந்தது, வலது கண்ணில் இல்லவே இல்லை. அவர் மூடியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் எதுவும் சொல்லாமல் என் வீட்டுக்காரரைப் பார்த்து, இன்றைக்கே மதுரைக்குக் கூட்டிப் போங்கள் என்றார்.

மதுரை பஸ்ஸில் காரியாபட்டி தாண்டும்போது இடது கண்ணிலும் புகை கிளம்பிவிட்டது. எதிர் சீட்டில் இருந்த பெண்ணின் முகம் இருக்கும் இடத்தில் முகம் இல்லை, சுற்றி முடியும் சேலையும் மட்டும் இருந்தன. நடுவில் மட்டும் புகை, ஓரத்தில் உலகம். எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் பார்க்க நினைப்பது மறைந்துகொண்டது. வீட்டுக்காரர் என் கையை விடவே இல்லை. பாத்ரூமுக்குப் போனால்கூட வாசலில் நின்று, ஆச்சா ஆச்சா என்று கேட்டார். அன்றைக்கு அது எனக்குத் தேவையாக இருந்தது.

மதுரைக் கண் ஆஸ்பத்திரியில் எல்லாமே காத்திருப்பதுதான். கண்ணுக்குச் சொட்டு விட்டுக் காத்திருக்க வேண்டும், டோக்கன் எடுத்துக் காத்திருக்க வேண்டும், டோக்கன் எண் திரையில் வருகிறதா என்று பார்த்துக் காத்திருக்க வேண்டும். கண் தெரியாதவர்கள் வரும் இடத்தில் எண்ணைத் திரையில் போட்டு வைத்திருக்கிறார்களே என்று அப்போதே கோபம் வந்தது. என் எண் வந்ததா என்று நான் கேட்க, வீட்டுக்காரர் வரும்மா வரும்மா என்று சொல்ல, பகல் முழுதும் போனது.

சோதனைகளைச் சொல்கிறேன், யாருக்காவது பயம் குறையும். தலையில் பசை வைத்து வயர் ஒட்டி, கறுப்பு வெள்ளைக் கட்டம் மாறி மாறி வருவதைப் பார்க்கச் சொல்வார்கள். கண் பார்த்தது மூளைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது என்று அதில் தெரியும். வலிக்காது. ஸ்கேன் எடுக்கும் குழாய்க்குள் படுத்தால் ரைஸ் மில்லுக்குள் படுத்தது போல் சத்தம், அவ்வளவுதான். முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுத்தார்கள். இறால் மாதிரி சுருண்டு படுக்கச் சொன்னார்கள். எடுத்தபிறகு தலையணை இல்லாமல் மல்லாந்தே கிடக்க வேண்டும். எழுந்தால் தலை பிளக்கும். நான் எழுந்தேன், தலை பிளந்தது. சொன்னால் கேட்கிற ஆள் இல்லை நான்.

நோய் இதுதான். கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பு ஒரு வயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல்தோல் வீங்கிவிட்டது. வெளியிலிருந்து வந்த கிருமியால் இல்லை. உடம்பில் காவலுக்கு இருக்கும் அணுக்களே ஆள் தெரியாமல் நம் நரம்பையே அடித்துவிட்டன. வீக்கம் வற்ற, தினமும் காலையில் கையில் டிரிப்ஸ் ஏற்றி ஸ்டீராய்டு கொடுத்தார்கள். பார்வை திரும்பலாம், முழுதாகத் திரும்பாமலும் போகலாம், இன்னொரு தடவை வரவும் செய்யலாம். வராமல் இருக்க ரொம்ப நாளைக்கு மாத்திரை சாப்பிட வேண்டும்.

இதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்பது தனிக் கதை. டாக்டரம்மா நல்லவர். ஆனால் வார்டுக்கு வந்ததும், "அட்டெண்டர் யாரு?" என்பார். வீட்டுக்காரர் எழுந்து நிற்பார். இருவரும் வராந்தாவுக்குப் போய்விடுவார்கள். திரும்பி வந்து வீட்டுக்காரர், ஒண்ணுமில்லம்மா, சீக்கிரம் சரியாயிரும்னாக, என்பார். எங்கள் பக்கத்தில் நோயாளியிடம் நோயைச் சொல்ல மாட்டார்கள், மனசு விட்டுவிடும் என்று. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், படுத்திருப்பவருக்கு மட்டும் தெரியாது. எனக்கு ஒன்றுமில்லை என்றால் எதற்கு முதுகில் ஊசி போட்டீர்கள் என்று ஒருநாள் சத்தம் போட்டேன். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். என் மனசு ஒன்றும் விட்டுவிடவில்லை. வீட்டுக்காரரின் மனசுதான் கொஞ்சம் கலங்கியது.

ஸ்டீராய்டு வேலையைக் காட்டியது. முகம் உப்பியது. தூக்கம் போய்விட்டது. பசி மட்டும் இரண்டு பங்கு. பாலவனத்தத்திலிருந்து என் நாத்தனார் தூக்குவாளியில் சோறும் குழம்பும் கொண்டு வருவார். நான் சாப்பிடும் வேகத்தைப் பார்த்து, எங்க ஊட்டுல ஒன்னயப் பட்டினி போட்டோம்னு நெனைக்கப் போறாக, என்பார். பக்கத்துக் கட்டிலில் வீரசோழன் ஊரைச் சேர்ந்த ஆமினா அக்கா, ஒரு கண்ணில் கட்டுப் போட்டிருந்தார். அவர் மீதி ஒரு கண்ணால் வார்டு முழுவதையும் பார்த்து, யார் வந்தார்கள், யார் என்ன சேலை, நர்ஸ் முகத்தில் சிரிப்பா கடுப்பா என்று எனக்குச் சொல்வார். எல்லோரும் என்னைத் தாங்கினார்கள். சாதத்தைப் பிசைந்து கையில் உருட்டிக் கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

சும்மா கிடந்தபோது போன் ஞாபகம் வந்தது. எங்கள் கடைக்கு மாதத்தில் ஒருவராவது அலறிக்கொண்டு வருவார், என் போனுக்குப் பேய் பிடித்துவிட்டது, தொட்டதையெல்லாம் பேசுகிறது என்று. சட்டைப் பையில் வைக்கும்போது சத்தம் கூட்டும் பொத்தானும் குறைக்கும் பொத்தானும் சேர்ந்து அமுங்கியிருக்கும். கண் தெரியாதவர்களுக்கென்று போனிலேயே வைத்திருக்கும் வசதி அப்படித் திறந்துகொள்ளும். அதே இரண்டு பொத்தானையும் அழுத்தி அணைத்துக் கொடுப்பேன். எத்தனையோ பேருக்குப் பேய் ஓட்டியிருக்கிறேன். அன்றைக்கு நானே அந்தப் பொத்தான்களைத் தடவி அழுத்திப் பேயை வரவழைத்தேன்.

அது இப்படி வேலை செய்யும். திரையில் விரலை நகர்த்தினால் விரலடியில் இருப்பதைச் சொல்லும். வேண்டியது வந்ததும் இரண்டு தட்டு தட்டினால் திறக்கும். முதல் நாள் எரிச்சலில் போனை எறியப் போனேன். அப்புறம் காது பழகியது. எந்த இணையப் பக்கத்தை ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்கள், எதை அரைகுறையாக விட்டிருக்கிறார்கள் என்று காதே சொன்னது. ஒழுங்கான பக்கத்தில் பெயர், ஊர், அனுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கும். அரைகுறைப் பக்கத்தில் பட்டன், பட்டன், பட்டன் என்று மட்டும் சொல்லும். பெயர்ப் பலகை இல்லாத கடைத் தெரு மாதிரி.

அந்த நேரத்தில்தான் நிவேதா வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் புதிதாக இணையதளம் செய்து கொடுக்கும் கம்பெனியில் வேலை பார்ப்பவள். நோயாளிகள் வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கலாம், ரத்தச் சோதனை முடிவு பார்க்கலாம், பார்வை எப்படி இருக்கிறது என்று எழுதி அனுப்பலாம். அதை எல்லோருக்கும் திறந்துவிடுவதற்கு முன்னால், பார்வை குறைந்தவர்களே பயன்படுத்திப் பார்க்க வேண்டும், எங்கே இடறுகிறார்கள் என்று குறித்துக்கொண்டு போக வேண்டும், அதுதான் அவள் வேலை. எனக்கு உடனே பிடித்துப்போனது. படுத்துக் கிடப்பதற்கு இது எவ்வளவோ தேவலை. மூன்று வேலை கொடுத்தாள்: உள்ளே நுழைந்து அடுத்த தேதி வாங்க வேண்டும், ரத்த முடிவைத் திறக்க வேண்டும், இன்றைய பார்வையைப் பற்றி எழுதி அனுப்ப வேண்டும்.

நடந்ததைக் கேளுங்கள். நான் விரலை வைத்ததும் வீட்டுக்காரர் என் தோளுக்கு மேல் வந்துவிட்டார். கீழ போ, இன்னும் கீழ, அந்தா நீலமா இருக்குல்ல, அதான். ஆமினா அக்கா கட்டிலை விட்டு இறங்கி வந்து, தேதி போடாம விட்டுட்டியேம்மா, என்றார். தரை துடைக்க வந்த ஆயா துடைப்பத்தைச் சாத்திவிட்டு, கட்டத்துல டிக்கு அடிக்கணும் பாப்பா, என்றார். ஓடிபி வந்தபோது வீட்டுக்காரர் தன் போனைப் பார்த்து எண்ணைச் சொன்னார். ஒரு இடத்தில் என் விரல் தடுமாற, அவர் விரல் என் விரலுக்கடியில் வந்து இரண்டு தட்டு தட்டியது. மூன்று வேலையும் முடிந்தது. வார்டே சந்தோஷப்பட்டது. நிவேதா பாவம், இத்தனை பெரியவர்களை எப்படி விரட்டுவாள்? முடிந்தது, முடிந்தது, முடிந்தது என்று எழுதிக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலம் நாத்தனார் வந்தார். வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார். நான் பெருமையாக, போனிலேயே எல்லாம் செய்தேன் மதினி, இனி கடைக்குப் போனாலும் சமாளித்துவிடுவேன், என்று சொன்னேன். அவர் தூக்குவாளி மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"ஒனக்கு எதுக்குத் தாயி இனிமே அந்தப் பாடு? அதான் கடையப் பேசி முடிச்சிட்டானே தம்பி. தை பொறந்ததும் பக்கத்துச் செல்போன் கடைக்காரர் எடுத்துக்கிறாராம். ஒங்கிட்டச் சொல்லலயா?"

சொல்லவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. நோயை மறைத்தது போலவே என் கடையையும் மறைத்திருந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்குச் சோறு இறங்கவில்லை, அந்த ஸ்டீராய்டுப் பசியிலும். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று தெரியும். இந்தக் கண்ணோடு நான் அங்கே உட்கார்ந்து நாலு பேர் முன்னால் தடுமாறுவதை அவரால் பார்க்க முடியாது. அதற்காக என் வாழ்க்கையை என்னைக் கேட்காமல் பேசி முடிப்பதா?

அவர் வந்ததும் கேட்டேன். மறுக்கவில்லை.

"வாக்குக் குடுத்துட்டேன் ஈஸ்வரி. ஒனக்கு என்ன கொறை? நான் இருக்கேன்ல. எல்லாம் நான் பாத்துக்கிறேன்."

அவரை நான் திட்டியதை எழுத மாட்டேன். ஆனால் திட்டிக்கொண்டிருக்கும்போதே ஒன்று உறைத்தது. இவர் கணக்கில் என்னால் ஒன்றுமே முடியாது. நிவேதாவின் கணக்கில் என்னால் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டும் இவர் கைங்கரியம். இரண்டிலும் நான் இல்லை. என்னால் எது முடியும், எது முடியாது என்று எனக்கே தெரியாமல் கடையைக் கொடு என்றும் சொல்ல முடியாது, கொடுக்காதே என்றும் சொல்ல முடியாது. மறுநாள் நர்ஸிடம் சொல்லி நிவேதாவை வரவழைத்தேன். நேற்று எழுதியது செல்லாது, அழித்துவிடுங்கள், எனக்குத் தனியாகப் பரீட்சை வையுங்கள் என்றேன். அவளுக்கு அப்படியொரு நிம்மதி. நேற்று ராத்திரி முழுக்க அதை அனுப்புவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள்.

வீட்டுக்காரரை டீ குடிக்கப் போகச் சொன்னேன். இப்பத்தான குடிச்சேன் என்றார். இன்னொன்று குடியுங்கள் என்றேன். நான் என்ன தப்பாச் செஞ்சேன், கை குடுத்தது தப்பா, என்று முனகிக்கொண்டே போனார். ஆமினா அக்கா தானாகவே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, நான் வாயத் தொறக்க மாட்டேம்மா, என்றார். நிவேதாவும் பேசக் கூடாது. அது அவர்கள் தொழிலில் சட்டம். பயன்படுத்திப் பார்ப்பவர் மாட்டிக்கொண்டு விழித்தாலும் பக்கத்தில் இருப்பவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

முதல் வேலையிலேயே விழுந்தேன். உள்ளே நுழைய ஓடிபி வேண்டும். என்னைச் சேர்க்கும்போது வீட்டுக்காரர் தன் நம்பரைத்தான் கொடுத்திருந்தார். ஓடிபி டீக்கடையில் இருந்தது. நிவேதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும் வந்தது. நம்பரை என்னுடையதாக மாற்றிக்கொடுத்தார்கள். அடுத்து ஓடிபி என் போனுக்கு வந்தது. போன் அதை ஒவ்வொரு எண்ணாக நிதானமாகச் சொல்லி, நான் பெட்டியைத் தேடி உள்ளே போடுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மறுபடி வாங்கினேன், மறுபடி முடிந்தது. மூன்றாவது தடவை எண் முழுவதையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு நேராகப் பெட்டிக்கு ஓடிப்போய்ப் போட்டேன். தேதி வாங்கும் இடத்தில் பட்டன், பட்டன், பட்டன். எது எந்தத் தேதி என்று தெரியாமல் ஏதோ ஒன்றைத் தட்டினேன். ரத்த முடிவு திறந்தது, ஆனால் காகிதத்தைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். படத்துக்குள் இருப்பதைப் போனால் வாசிக்க முடியவில்லை.

மூன்றாவது வேலை எனக்கு நன்றாக வந்தது. வலது கண்ணில் வெளிச்சம் கூடியிருக்கிறது, இடது கண் அப்படியே இருக்கிறது என்று வாயால் சொல்லி எழுதினேன். அனுப்பு என்பதைத் தட்டினேன். போகவில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை. மறுபடி தட்டினேன். நிவேதா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது கேட்டது. சொல்லிவிடாதீர்கள் என்றேன். பக்கத்தின் தலையிலிருந்து கால்வரை விரலால் தடவினேன். எல்லாம் நிரப்பியதாகத்தான் சொன்னது. கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டு, முடியவில்லை, இப்போது சொல்லுங்கள் என்றேன்.

பிறந்த தேதியில் ஒரு எண் குறைந்திருந்தது. அந்தக் கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு வந்திருந்தது, அவ்வளவுதான். எழுத்தில் ஒன்றும் இல்லை. கண் நரம்பு கெட்டவர்களுக்கு முதலில் போவது சிவப்பு. கண் நோயாளிகளுக்கென்று கட்டிய பக்கத்தில் தப்பைச் சிவப்பில் மட்டும் காட்டியிருக்கிறார்கள். எனக்கு அழுகை வந்தது அப்போதுதான். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். நிவேதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க ஃபெயில் ஆகல. எங்க பக்கம்தான் ஃபெயிலு."

"அது எனக்குத் தெரியும். எழுதிக்கோ," என்றேன். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். எல்லாப் பட்டனுக்கும் பெயர் வேண்டும். தப்பு இருந்தால் எந்தக் கட்டத்தில் என்ன தப்பு என்று வார்த்தையில் சொல்ல வேண்டும், அது காதில் விழ வேண்டும். நேரம் போதவில்லை என்றால் கூடுதல் நேரம் கேட்க வழி வேண்டும். முடிவைப் படமாகப் போடாமல் எழுத்தாகப் போட வேண்டும். அப்புறம் நோயாளியின் நம்பர் என்று கேட்கிற இடத்தில் நோயாளியின் நம்பரைத்தான் வாங்க வேண்டும், பக்கத்தில் நிற்பவர் நம்பரை அல்ல. கடைசி ஒன்றைச் சொன்னபோது வீட்டுக்காரர் டீயோடு வாசலில் நின்றிருந்தார் என்று ஆமினா அக்கா பிறகு சொன்னார்.

அவரிடம் அன்றைக்கு ஒன்றே ஒன்று கேட்டேன். தை பிறக்கும்வரை கடையைக் கொடுக்க வேண்டாம். நான் திறந்து உட்காருகிறேன். நீங்கள் வரலாம், பெஞ்சில் உட்காரலாம், நான் விண்ணப்பம் போடும்போது வாயைத் திறக்கக் கூடாது, கையை நீட்டக் கூடாது. நான் ஒரு விண்ணப்பம்கூடத் தனியாகப் போட முடியாமல் தோற்றால், நானே சாவியைச் செல்கடைக்காரர் கையில் கொடுத்துவிடுகிறேன். போட்டுவிட்டால், நீங்கள் அவரிடம் கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். அவர் டீ டம்ளரை என் கையில் வைத்தார். சரிம்மா என்றார்.

வீடு வந்தபோது வலது கண்ணில் பெரிய எழுத்து தெரிய ஆரம்பித்திருந்தது. வெயிலில் நின்றால் அதுவும் போய்விடும். சிவப்பு துரு நிறத்துக்கு வந்தது, அதற்கு மேல் வரவில்லை. இடது கண் புகையாகவே நின்றுவிட்டது. நிவேதா போன் செய்து, மாற்றியிருக்கிறோம், பாருங்கள் அக்கா என்றாள். பார்த்தேன், அதாவது கேட்டேன். தேதிகள் தேதிகளாகப் பேசின. வேண்டுமென்றே பிறந்த தேதியைத் தப்பாகப் போட்டேன், வருடம் குறைகிறது என்று பக்கமே சொன்னது. இப்போதும் அவர்கள் புதிதாக எது கட்டினாலும் எனக்கு அனுப்புகிறார்கள். நான் காதால் சலித்துக் குறை சொல்லி அனுப்புகிறேன். குறை சொல்வதற்கு என்னை விட்டால் ஆள் கிடையாது என்று வீட்டுக்காரர் சொல்கிறார்.

கம்ப்யூட்டரிலும் பேசும் வசதியைப் போட்டேன். மவுஸைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டேன். எல்லாம் கீபோர்டிலேயே. வீட்டில் உட்கார்ந்து என் பெயரிலேயே பொய் விண்ணப்பமாகப் போட்டுப் போட்டு, அனுப்பாமல் அழித்து, மறுபடி போட்டுப் பழகினேன். மாத்திரை போட்டதும் பயிற்சி, சாப்பிட்டதும் பயிற்சி. பிறகு ஒரு காலையில் ஷட்டரைத் தூக்கினேன். அவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

ஆட்கள் வந்தார்கள், ஆனால் என்னிடம் வரவில்லை. ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார்கள். மற்றபடி எட்டிப் பார்த்து, உப்பிய முகத்தையும் கறுப்புக் கண்ணாடியையும் பார்த்து, அப்புறம் வாரேன் என்று போனார்கள். சிலர் நான் சிலை என்பது போல வீட்டுக்காரரிடம், இப்ப எப்படிண்ணே இருக்கு அவுகளுக்கு, என்று விசாரித்தார்கள். பரவாயில்ல, என்று அவர் பதில் சொன்னார். பதில் சொல்லக் கூடாது என்று நாங்கள் பேசி வைக்கவில்லையே, விண்ணப்பத்துக்குத்தான் பேசி வைத்தோம். இப்படியே நாள் போனது. தை நெருங்கியது. செல்கடைக்காரர் ஒருநாள் வந்து சுவரை அளந்து பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கு நான் உள்ளுக்குள் ஆடிப்போனேன். தோற்றிருந்தால்கூடப் பரவாயில்லை, தோற்பதற்கே யாரும் வாய்ப்புத் தரவில்லையே என்று இருந்தது.

அப்படியொரு உச்சிப் பொழுதில் பெரியவர் ஒருவர் வந்தார். கையில் மஞ்சப்பை. நேராகப் பெஞ்சில் போய் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏப்பா, உளுந்துக்கு இன்சூரன்சு போடணும். கெடு நாளையோட முடியுதாம். கடைய விட்டுட்டீகன்னு சொன்னாக. அவுகளுக்குத்தான் கண்ணு இல்லையாமே, இனிமே யாரு போடுவா?"

நான் ஹெட்போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். எனக்கு யார் முகமும் தெரியவில்லை. பெஞ்சில் இரண்டு உருவம், அதில் ஒன்று என் வீட்டுக்காரர். பரவாயில்லை என்பாரா, அருப்புக்கோட்டைக்குப் போங்க என்பாரா, செல்கடைக்காரர் பெயரைச் சொல்வாரா என்று காத்திருந்தேன். ஸ்கேன் குழாய்க்குள்கூட நான் இவ்வளவு பயப்படவில்லை.

"கடைய விடலண்ணே," என்றார் அவர். "கடை அவளுது. ஏங்கிட்ட எதுக்குக் கேக்குறீக? அவகிட்டக் கேளுங்க."

பெரியவர் பெஞ்சை விட்டு எழுந்து, மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, உளுந்துக்குப் போடணும். ஒன்னால முடியுமா?"

"முடியும்ண்ணே," என்றேன். "பட்டா, ஆதார், பேங்கு பாஸ்புக்கு மூணும் கொண்டாந்திருக்கீகளா?"